ஆறாவது கட்டம்

சென்னியப்பன் தன் மனைவி தெய்வாத்தாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மாசி மாதக் காலையில், அவளுடைய அண்ணன் மாரப்பனின் தறிக்கூடத்தில், கழுத்தளவு நூலுக்குள் அவள் உட்கார்ந்திருந்தபோது. கோவில்பட்டிப் பக்கம் பருத்தி பார்க்கப் போவதற்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று பையோடு கிளம்பியவன், சொல்லிக்கொண்டு போகலாமென்று கூடத்து வாசலில் நின்றான். அவள் எழுந்து வரவில்லை. பாவு பிணைக்கிறவள் நடுவில் எழுந்திருக்க முடியாது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்; ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனிகளை, இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்புப் போன்ற அச்சிலும் கோத்தபடியே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கிவிட வேண்டும். இடது கரையிலிருந்து வலது கரைவரை இரண்டாயிரத்து நூற்று அறுபது இழை. நடுவில் எழுந்தால் வரிசை தப்பும், ஓர் இழை தப்பினால் துணி முழுக்க அந்தத் தப்பு கோடாக ஓடும்.

அவள் தலையை மட்டும் திருப்பினாள். விரலெல்லாம் சாம்பல், மூக்கு நுனியிலும் சாம்பல்.

"ஏனுங்க, அந்த அட்டையில அஞ்சு பேரு போடறீங்களே," என்றாள். "பாவு தானா நடந்து வந்து தறியில ஏறிக்குதாமா?"

"அதுல அஞ்சு கட்டந்தான் இருக்குது."

"கட்டத்தப் போட்டது ஆரு?"

"நாந்தான்."

"அதானே பாத்தேன்," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது: குட்டையாக இரண்டு இருமல், நடுவில் மூச்சை இழுத்துக்கொள்கிற ஓர் இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று. நாலைந்து வருஷமாக அவள் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தாள். "சரி, போயிட்டு வாங்க. ஊட்டுல கொழம்பு இருக்குது, மூடி வெச்சுட்டுப் போங்க, பூனை வந்துரும்."

அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் குழம்பை மூடிவைத்துவிட்டு, பஸ் ஏறினான்.

சென்னியப்பன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நூல்கடைச் சிப்பங்களின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படித்துப் படித்தே எழுத்தையும் கணக்கையும் பிடித்துக்கொண்டவன், ஒரு நூலைக் கடித்துப் பார்த்து அது எந்த மண்ணில் விளைந்த பருத்தி என்று சொல்லக்கூடியவன். அதனால்தான் சென்னையில் 'நேர்நூல்' என்ற பெயரில் உடைக் கம்பெனி தொடங்கிய மிருணாளினி அவனைத் தேடி ஊஞ்சவலசுக்கே வந்தாள். பூச்சிமருந்து அடிக்காத பருத்தி வேண்டும், கையால் நூற்ற நூல் வேண்டும், அவுரியிலும் மாதுளைத் தோலிலும் எடுத்த சாயம் வேண்டும், இதையெல்லாம் செய்கிறவர்கள் அக்கம்பக்கத்து மனிதர்களாக இருக்கவேண்டும், அவர்களில் ஒருவரும் நோயோடோ வருத்தத்தோடோ வேலை செய்யக்கூடாது, சட்டை வாங்குகிறவர் அது யார் யார் கைபட்டு வந்தது என்று தெரிந்துகொள்ளவேண்டும். இவ்வளவும் கண்டுபிடித்துத் தருவது அவன் வேலை. அதற்காகப் பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அவனே எழுதினான். சட்டையின் காலரில் தொங்கவிட ஓர் அட்டையையும் அவனே கோடு கிழித்து உண்டாக்கினான். விளைவித்தவர், நூற்றவர், சாயம் தோய்த்தவர், நெய்தவர், தைத்தவர் என்று ஐந்து கட்டம். படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, 'இந்த வேலையால் உடம்புக்கு ஏதும் தொந்தரவு உண்டா?' என்பது. மற்ற கேள்விகளுக்குப் பதில் வராவிட்டாலும் விட்டுவிடுவான், ஒன்பதாவதற்குப் பதில் வாங்காமல் எந்த வீட்டுப் படியையும் அவன் இறங்கியதில்லை. மூன்று வருஷத்தில் நாற்பத்திரண்டு பேரிடம் அதைக் கேட்டிருக்கிறான்.

அன்று பிற்பகல் கரிசல்காட்டில், முந்தின வெள்ளாமைப் பருத்தியை ஆள்மூலம் அனுப்பியிருந்த கோயில்பிச்சை என்ற விவசாயியின் வேலியோரம் குந்தியபடி அவன் நாற்பத்து மூன்றாவது முறையாக அதைக் கேட்டான். கோயில்பிச்சை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "முதுகுவலி உண்டு. வேற என்னத்தச் சொல்ல? இப்படி ஒக்காந்து கேக்க ஆள் வந்ததே பெரிசு ஐயா," என்றார். அதே நேரத்தில்தான் ஊஞ்சவலசில் தெய்வாத்தாள் இரண்டாயிரத்து நூற்று அறுபதாவது இழையை முறுக்கி முடித்து, கைச்சாம்பலைத் தட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு, சுவரில் சாய்ந்தாள். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நேரம் இரண்டும் ஒன்றுதான் என்பதை அவன் பிற்பாடு மாரப்பனிடம் விசாரித்து, தன் படிவத்தில் எழுதியிருந்த மணியோடு ஒத்துப்பார்த்துத் தெரிந்துகொண்டான்.

காரியம் முடியும்வரை பதினாறு நாள் அந்தத் தறியை யாரும் தொடவில்லை. பதினேழாம் நாள் மாரப்பன் நெய்வதற்குக் கால் இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கினான். பிணைப்பு வரிசை விழுதையும் அச்சையும் தாண்டும்வரை பாவை மெல்ல முன்னே இழுத்து, இழை சிதறாமல் ஓரத்தில் நாலு குறுக்கிழை ஓட்டி, அந்த வரிசையை மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அறுத்துக் கீழே போட்டான். எல்லாத் தறியிலும் அப்படித்தான். அந்த அறுத்த வாலை நெய்ய முடியாது, அது எந்தச் சட்டையிலும் போய்ச் சேராது. கொடி கட்ட, கை துடைக்க, எதற்காவது ஆகும். பிணைத்தவள் வேலை அத்தனையும் அந்த ஒரு சாணோடு வெளியே போய்விடும், துணியில் அவள் இருந்ததற்கு ஓர் அடையாளமும் நிற்காது; நின்றால் அது துணியில் குற்றம்.

ஒரு முழம் நெய்தபிறகு துணி இருமியது.

குட்டையாக இரண்டு, நடுவில் மூச்சிழுப்பு, நீளமாக ஒன்று. மாரப்பன் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, இருமல் முடியும்வரை காத்திருந்தான். பிறகு குழியிலிருந்து ஏறி, சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலாவது வீட்டில் இருந்த சென்னியப்பனிடம் போய், "மாப்ள, அவ இருமறா. வந்து கேட்டுட்டுப் போ," என்றான். சென்னியப்பன் போனான். தறியின் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட கூடையின் மேல் உட்கார்ந்தான். அரைமணி கழித்து மறுபடி வந்தது. மாரப்பனின் மனைவி வாசலில் நின்றபடி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "செத்தும் சும்மா இருக்காளா பாரு என்ற நாத்தனா," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்து, ஒரு டம்ளரைக் கொண்டுவந்து தறிக்காலின் ஓரம் வைத்தாள். காப்பி ஆறியபின் எடுத்துக்கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினாள். அந்தப் பாவு முடியும்வரை தினமும் அப்படியே செய்தாள்.

ஊஞ்சவலசில் நாற்பது தறி ஓடியது, நாற்பது தறிக்கும் காது உண்டு. முதல் வாரத்தில் பக்கத்துக் கூடங்களில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரத்தில், மாரப்பன் தறி நிற்கிற சத்தத்தை வைத்தே இருமல் வருகிறது என்று தெரிந்துகொண்டு அவரவர் தறியையும் நிறுத்தினார்கள். மூன்றாவது வாரத்தில் அது ஒரு வழக்கமாகிவிட்டது, மணிக்கு இரண்டு தடவை தெரு முழுக்க, குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடாவின் சத்தம் அடங்கும், அந்த நேரத்தில் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொள்வார், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், டீக்கடைக்காரர் பாய்லரை மூடுவார், நீள இருமல் முடிந்ததும் எல்லாம் மறுபடி ஓடும். இது வறட்டு இருமலா சளி இருமலா என்று கிணற்றடியில் ஒரு சண்டை வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா காதில் குழாயை மாட்டிக்கொண்டு துணியின் மேல் நாலு இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "இடது பக்கந்தான் கட்டியிருக்குது, அப்பவே வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்," என்று சொல்லி, தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். அவள் சொன்ன 'அப்பவே' என்ற சொல் சென்னியப்பனின் நெஞ்சுக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது.

யாரும் பெயர் சொல்லவில்லை. அந்தத் தெருவில் ஒரு முறை இருந்தது: இறந்தவருடைய பெயரை, வருஷத் திதி கழியும் வரைக்கும், வீட்டுக்காரர் முதலில் வாயெடுத்துச் சொன்னாலொழிய மற்றவர்கள் சொல்லமாட்டார்கள், அதிலும் வெளியாள் முன்னால் சொல்லவே மாட்டார்கள். அதனால் ஊரார் 'அக்கா இருமறாங்க' என்றார்கள், 'உங்க ஊட்டுல' என்றார்கள், வயதில் பெரியவர்கள் 'அந்தப் புள்ள' என்றார்கள். சென்னியப்பன் எதையும் சொல்லவில்லை. தினமும் வந்து அந்தக் கூடையின் மேல் உட்கார்ந்தான். உயிரோடு இருந்தபோது அவள் இருமும் இடத்தில் அவன் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

தொண்ணூறு மீட்டர் நெய்து முடிந்து, அவுரி நீலத்தில் கட்டாக மடித்துத் தையல் கொட்டகைக்குப் போனது. துணி எத்தனை துண்டாக வெட்டப்பட்டதோ அத்தனையும் இருமின. ஆனால் தனித்தனியாக இல்லை, ஒரே நேரத்தில், ஒரே மூச்சாக. தையல்காரி ஜெயக்கொடி ஊசியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, "இருங்கக்கா, மெதுவா இருமி முடிங்க, பொறவு காலர் வெக்கறேன்," என்பாள். பக்கத்து மிஷின்காரி, "உசுரோட இருக்கறப்ப ஒரு நாழி உக்காராத அக்கா, இப்ப உம்மடியில உக்காந்திருக்குது," என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்துவாள். தேய்க்கிறவர், "சூடு பட்டா கொஞ்சம் அடங்குதுங்க," என்று சென்னியப்பனிடம் வந்து சொன்னார், ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் போல.

நாற்பத்தோரு சட்டை ஆனது. அட்டை எழுதுவது சென்னியப்பன். தன் வீட்டில், கட்டிலின் மேல் பலகையைப் போட்டு, நாற்பத்தோரு அட்டையிலும் தன் கையாலேயே ஐந்து பெயர்களை எழுதினான்: விளைவித்தவர் கோயில்பிச்சை, நூற்றவர் ராஜகனி, சாயம் தோய்த்தவர் அஞ்சலை, நெய்தவர் மாரப்பன், தைத்தவர் ஜெயக்கொடி. ஐந்தாவது கட்டத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருந்தது. முதல் அட்டையில் பேனா அங்கே சற்று நின்றது. அங்கே எழுதலாம், எழுதினால் யார் என்று கேட்பார்கள், யார் என்று சொன்னால் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள், நோயாளியை வைத்து வேலை வாங்கிய துணியைக் கம்பெனி எடுக்காது என்று படிவத்தின் அடியில் எழுதிவைத்தவனும் அவன்தான். மற்ற நாற்பதில் பேனா நிற்கவில்லை. ஒரு சட்டையைத் தனக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தான். கேட்டது நாற்பத்தொன்று, அனுப்பவேண்டியது நாற்பத்தொன்று. இருமலோடு மடித்து, பெட்டியில் வைத்துக் கட்டி, லாரியில் ஏற்றிவிட்டான்.

அன்றிலிருந்து தெருவில் தறிகள் நிற்காமல் ஓடின. அவனுக்குத்தான் அரைமணிக்கொருமுறை காது அடைத்துத் திறந்தது.

பட்டணத்தில் சட்டையை வாங்கியவர்கள் அதை அவரவர் வசதிக்கு ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் லிஃப்டில் போகும்போது சட்டை இருமியதால் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள், அதில் தனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது என்று எழுதினார். ஒருத்தி தன் கணவரிடம் அதை ஆபீசுக்குப் போடாதீர்கள், வீட்டில் போடுங்கள் என்று சொல்லி, சட்டைக்குத் துளசி நீர் தெளித்தாள். மயிலாப்பூரில் தனியாக இருந்த ஒரு பெரியவர் அதைப் போட்டுக்கொள்ளாமல் எதிர் நாற்காலியில் மாட்டிவைத்திருந்தார். வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல் இருக்கிறது, யார் என்று தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ஒருவரும் சட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் நாற்பத்தோரு பேரும், கொஞ்சம் முன்னே பின்னே, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அட்டையில் ஐந்து பெயர் இருக்கிறதே, இதில் இருமுகிறவர் யார்?

மிருணாளினி நல்ல பெண். அவளுக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. இருமுகிற ஒருவர் தனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவளால் தாங்கமுடியவில்லை. கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பிக் கோயில்பிச்சையை வரவழைத்தாள், ராஜகனியையும் அஞ்சலையையும் வரவழைத்தாள், மாரப்பனோடும் ஜெயக்கொடியோடும் சேர்த்து ஐந்து பேரையும் ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய்ப் படம் பிடித்துப் பார்த்தாள். ஐந்து நெஞ்சும் சுத்தமாக இருந்தன. டாக்டர் ஐந்து பேரையும் இருமச் சொல்லி, வாங்கியவர் ஒருவரிடம் அவள் இரவல் கேட்டுக் கொண்டுவந்திருந்த சட்டையை மேசைமேல் வைத்து ஒத்துப்பார்த்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. கோயில்பிச்சை மட்டும் சட்டையை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இது பொம்பளை இருமல்லா," என்றார்.

மறுநாள் காலை, ஆடி மாதம், பதினொரு மணி சுமாருக்கு, மிருணாளினி அந்தச் சட்டையோடு ஊஞ்சவலசு தையல் கொட்டகையில் உட்கார்ந்தாள். தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே வந்து நின்றது. வெட்டுமேசையின் மேல் சட்டை இருந்தது. சென்னியப்பன் எதிரில் நின்றான்.

"உட்காருங்க சார்," என்றாள். அவன் உட்காரவில்லை. "நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. இது யாரோட இருமல்னு மட்டும் தெரியணும். வைத்தியம் பாக்கணும்னா பாத்துடலாம். பேரை அட்டையில போடணும்னா போட்டுடலாம். அந்தப் பெரியவர் வாரத்துக்கு ஒரு லெட்டர் போடறார்."

அவள் மாரப்பன் பக்கம் திரும்பினாள்.

"மாரப்பன் ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே நெய்தீங்க?"

மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்ற மாப்ள சொல்லோணுங்க," என்றான். "நாங்க முந்திச் சொல்ற பேச்சில்லீங்க அது."

ஜெயக்கொடி நூல் கத்திரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தேய்க்கிறவர் பெட்டியைக் கீழே வைத்தார். முகங்கள் எல்லாம் சென்னியப்பனிடம் திரும்பியிருந்தன, அவற்றில் கோபம் ஏதுமில்லை, ஒரு வீட்டு வாசலில் கதவு திறக்கக் காத்திருக்கிறவர்களின் பொறுமைதான் இருந்தது. ஒரு பெயர். அதைச் சொன்னால் நாற்பத்தோரு வீட்டிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"சார், இந்தப் படிவத்தை எழுதினதே நீங்கதான்," என்றாள் மிருணாளினி. "ஒன்பதாவது கேள்வி உங்களோடது. நான் அதை எங்க போனாலும் சொல்லுவேன், எங்க சென்னியப்பன் சார் ஒவ்வொருத்தர் வீட்டுப் படியேறி உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பார்னு. அஞ்சு பேரையும் பாத்தாச்சு. இந்தத் துணியை வேற யாராவது தொட்டாங்களா?"

மேசைமேல் சட்டை இரும ஆரம்பித்தது. குட்டையாக ஒன்று. குட்டையாக இன்னொன்று. மார்புப் பொத்தான்கள் மேலே எழும்ப, துணி உப்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது.

அவன் வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது, நாக்குக்கு அடியில் அது இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வழியை மறித்து நின்றது: நாற்பத்து மூன்று படியேறிக் கேட்ட ஒரு கேள்வியை அவன் தன் வீட்டுக்குள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது, அதை இந்தப் பெண்ணும் இந்தத் தெருவும் சேர்ந்து இப்போது தெரிந்துகொள்ளப்போகிறார்கள் என்பது. தெருவுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"இல்லீங்க," என்றான். "வேற ஆரும் தொடலைங்க."

நீள இருமல் வரவில்லை. உப்பிய துணி அப்படியே சற்று நேரம் இருந்தது, பிறகு இறங்கியது. காற்று வெளியே போன சத்தம் எதுவும் கேட்கவில்லை. மிருணாளினி காத்திருந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று. சட்டை சட்டையாக மேசைமேல் கிடந்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, காரில் ஏறிப் போனாள்.

ஊரார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. தறிக்குத் திரும்பினார்கள். மாரப்பன் மட்டும் வீட்டு வாசல்வரை கூடவே வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்று, "இழுத்த மூச்சை விட்டிருப்பாளா மாப்ள?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அந்த வாரத்திலேயே கடிதங்கள் வந்தன. ஆடி மாதத்தில் அன்று காலை பதினொரு மணிக்கு, நாற்பத்தொரு சட்டையும் பாதியில் நின்றுவிட்டன. மயிலாப்பூர்ப் பெரியவர், பழுதுபார்க்க முடியுமா, எங்கே கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். சென்னியப்பன் அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, மூன்று நாள் எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டுத் தாளின் இருபக்கமும் மிருணாளினிக்கு எழுதினான். பாவு பிணைப்பது என்றால் என்ன, அது ஏன் துணியில் தெரியாது, அதை யார் செய்தது, அவள் எத்தனை வருஷம் இருமினாள், அட்டையில் ஏன் ஐந்து கட்டம், எல்லாவற்றையும் எழுதினான். பெயரை எழுதினான். மையை மாற்றிக்கொண்டு அதை மட்டும் இன்னொருமுறை எழுதினான். எழுதிக்கொண்டிருந்தபோது சத்தமாகவும் சொல்லிப்பார்த்தான். வீட்டில் ஒன்றும் அசையவில்லை.

பதில் வரப் பத்து நாள் ஆனது. மிருணாளினி அவனைத் திட்டவில்லை. அடுத்த அட்டையிலிருந்து ஆறு கட்டம் இருக்கும் என்றும், நாற்பத்தோரு பேருக்கும் பெயரைத் தெரிவித்தாயிற்று என்றும், யாராவது கொடுத்தால் சட்டையை வாங்கி அவனுக்கு அனுப்புவதாகவும் எழுதியிருந்தாள். யாரும் கொடுக்கவில்லை. இருமாத சட்டை நல்ல சட்டை, நல்ல நீலம், அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. பெரியவர் மட்டும், தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பதாகவும் பதில் இல்லை என்றும், அதனால் இனி எழுதப்போவதில்லை என்றும் கடைசியாக ஒரு கார்டு போட்டார்.

ஆறாவது கட்டத்தில் மற்றவர்கள் பெயர் வந்தது. அதே தெருவில் பாவு பிணைக்கிற நான்கு பெண்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் படிவத்தைக் கொண்டுபோய் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டான். அவர்கள் பதில் சொன்னார்கள். ஒருத்தி, "இப்பக் கேக்கறீங்களே அண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். தெய்வாத்தாள் பிணைத்த பாவு அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாததால் அவள் பெயர் எந்த அட்டையிலும் வரவில்லை.

திதி கழிந்த மறுநாள்தான் அந்த வாலைப் பற்றிய நினைப்பு அவனுக்கு வந்தது. மாரப்பனின் கூடத்துக்குப் போய்க் கேட்டான்.

"எந்த வாலு?"

"அவ பிணைச்சது. அறுத்துப் போட்டயே."

மாரப்பன் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "ஊட்டுக்குப் பின்னால குழாய் ஒழுகுச்சு. மூட்டுல சுத்துனேனாட்ட இருக்குது. போயிப் பாரு."

கூடத்துக்குப் பின்னால் தொட்டியின் பக்கத்தில் தண்ணீர்க் குழாயின் மூட்டில் அது சுற்றியிருந்தது, இறுக்கமாக, ஏழெட்டுச் சுற்று. நீலம் பெரும்பாலும் போய்விட்டது. பாசி பிடித்திருந்தது. சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். அவிழ்த்ததும் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தது, தன் துண்டைக் கிழித்து அந்த இடத்தில் கட்டினான். வாலை வீட்டுக்குக் கொண்டுபோய், அலசி, கட்டிலில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் உலரவைத்தான். காதோடு வைத்துக் கேட்கவில்லை. உலர்ந்தபின் இடது கரையிலிருந்து வலது கரைவரை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினான், அதற்கு இரண்டு பகல் ஆனது. ஒரு சாண் அகலம், நாற்பத்தைந்து அங்குல நீளம், இரண்டாயிரத்து நூற்று அறுபது பிணைப்பு. ஒன்றுகூட அவிழ்ந்திருக்கவில்லை.